கீறல் விழாத மூடி

காலையில் துடைத்த கண்ணாடியில் மதியம் ஒரு விரல் தடத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நாற்காலித் தொழிற்சாலையில் என்னைப் பாதுகாப்புப் பொறுப்பாளனாகப் போட்டதும் இதற்காகத்தான் இருக்கும். எங்கள் தகயாமா ஊரில் தச்சு தெரிந்தவர்கள் தடுக்கி விழுந்தால் கிடைப்பார்கள். சுத்தம் தெரிந்தவர்கள் கிடைப்பதில்லை.

வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' பலகையைப் பார்த்திருப்பீர்கள். தினமும் அதில் எண்ணை மாற்றுவது நான். முதலாளி வருடத்திற்கு ஒருமுறை வெள்ளைத் தலைக்கவசம் போட்டுவந்து அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்வார். மரத்தூள் எந்தப் பக்கம் பறக்கும் என்று அவருக்குத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினால் தொப்பை தெரியாது என்பது தெரியும்.

மரத்தில் பள்ளம் எடுக்கும் ரூட்டருக்கு வருகிறேன். சுழலும் வெட்டுமுனைக்குள் கை போகாதபடி அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்ட வேண்டும். கண்ணாடி போல இருக்கும், அழகான பொருள். பழைய இயந்திரத்தில் பார்த்திருக்கிறேன்: ஒரே வாரத்தில் பிசினும் தூளும் படிந்து கண்புரை விழுந்தது போல ஆகிவிட்டது. பெயிண்ட் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைத்ததும் இன்னும் மோசம். அதனால் ஐந்தரை வருடத்துக்கு முன் புது இயந்திரம் வந்த அன்றே மூடியைக் கழற்றி, துணியில் சுற்றி, என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். முதலாளி வரும் நாளில் மாட்டுவேன். அவர் கார் கிளம்பியதும் கழற்றுவேன்.

விதியை மட்டும் விடவில்லை. தினமும் எண்பது பேரும் அவரவர் இயந்திரத்தின் முன் நின்று, வலது சுட்டுவிரலை நீட்டி, மூடி சரி என்று கத்த வேண்டும். ரூட்டரில் வேலை செய்யும் குசாகாபே ஓரியேவும் வெறும் இடத்தைச் சுட்டிக் கத்துவார். ஐம்பத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் அதிகம்.

"இல்லாத மூடிக்குச் 'சரி' சொல்றோமே, தொகுனாகா சான். நாளைக்கு வெறும் தட்டைக் காட்டி, கும்பிட்டுச் சாப்பிடுன்னும் சொல்லுவீங்களா?"

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"குரல் போதல. இன்னொரு தடவை," என்றேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது நாள், மதிய இடைவேளை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். குசாகாபே ஒரே ஒரு நாற்காலிக் காலை முடித்துவிட்டு வருவதாக நின்றிருக்கிறார். மரத்தில் கணு இருந்திருக்கிறது. கட்டை துள்ளியது, வலது கை உள்ளே போனது. சத்தம் கேட்டு நான் போனபோது சுட்டுவிரலும் நடுவிரலும் தரையில் கிடந்தன.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. விரலை எடுத்துப் பையில போட்டு ஐஸ்ல வையுங்க, ஒட்டிடுவாங்க. நீங்கதானே செவுத்துல எழுதி ஒட்டுனீங்க," என்றார் குசாகாபே.

எண்பது பேரில் அந்தச் சுவரொட்டியைப் படித்தவர் ஒருவராவது உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

பெரிய மருத்துவமனை பத்து நிமிடம்தான். ஆனால் ஆம்புலன்ஸ் வாசலில் நின்று ஊளையிட்டால் பலகை பூஜ்யத்துக்குப் போகும். இரண்டாயிரமாவது நாளுக்கு முதலாளி வருகிறார், விழா விருந்துக்கு எண்பது பெட்டி சிவப்புப் பயறு சோறு சொல்லியாகிவிட்டது. குசாகாபேயை என் காரில் ஏற்றி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனைக்கு ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன். வீட்டில் விறகு பிளந்தபோது கோடாலி பட்டதாகச் சொன்னேன். அவர் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விரல்களா? கோடாலி அப்படிக் கிழிக்காது, பார்த்த டாக்டர் கேள்வி கேட்பார். கிளம்பும் முன்பே தூள் உறிஞ்சும் குழாயைத் தரையில் பிடித்துவிட்டேன். அதில் போகும் தூளெல்லாம் கொதிகலனில் எரிந்துவிடும். தரையையும் துடைத்தேன்.

விழா நன்றாக நடந்தது. குசாகாபேயின் பங்குச் சோற்றுப் பெட்டியை நானே வீட்டுக்கு எடுத்துப் போனேன். ரப்பர் வளையத்தை அவரால் ஒரு கையால் கழற்ற முடியவில்லை, கழற்றிக் கொடுத்தேன். நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் வேலைக்கு வந்தார். இருந்த கட்டை விரலை நீட்டி, "மூடி சரி" என்றார். கட்டை விரலால் சுட்டுவது விதியில் இல்லை என்று எல்லோர் முன்னிலையிலும் திருத்தினேன். அன்று மதியமே உங்கள் தொழிலாளர் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். இத்தனைக்கும் நான் குரலை உயர்த்தவில்லை.

நீங்கள் சோதனைக்கு வந்தபோது ரூட்டரில் மூடி இருந்தது, விழாவுக்கு மாட்டியதைக் கழற்றவில்லை. கீறாமலிருக்கக் கடையில் போட்ட மெல்லிய பாதுகாப்புத் தாள் அதில் இன்னும் ஒட்டியிருந்ததை நகத்தால் உரித்துக் காட்டினீர்கள். ஐந்தரை வருடம் வேலை செய்த மூடியில் தாள் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரித்ததும் உங்கள் நகம் பட்ட இடத்தில் ஒரு கோடு விழுந்தது, கவனித்தீர்களா? அத்தனை வருடம் என் பொறுப்பில் இருந்தபோது அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.