சோதனையில் தேறிய லைன்

விசாரணை அதிகாரி அம்மா அவர்களுக்கு,

விசாரணை நடந்த அன்று உங்கள் அறையில் ஐந்து பேர் இருந்தோம். மேசையின் தலைப்பக்கம் நீங்கள். உங்களுக்கு இடப்பக்கம், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, லைன் கம்பெனி இன்ஜினியர். அவருக்கு அடுத்து என் மகள். அவளுக்கு நேர் எதிரே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, கணவரை இழந்த அந்தப் பெண். நான் கதவோரம். துணைக்கு வந்தவன் என்பதால் எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் குறையொன்றுமில்லை, என் முதுகுக்கு அதுதான் ஒத்துவரும்.

எல்லோரையும் கேள்வி கேட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுப்பவர்களில் என் மகளும் ஒருத்தி. வைஃபை கூடாது, கம்பி வழியாக வரும் இணைப்புதான் வேண்டும் என்பது உங்கள் விதி. வேலை ஆரம்பிக்கும் முன் லைனின் வேகத்தைச் சோதித்து அனுப்ப வேண்டும். தேறினால்தான் அழைப்பு வரும். நல்ல விதி. ஆனால் ஆரம்பத்தில் ஒருமுறை சோதித்தால் போதும் என்று விட்டுவிட்டீர்கள். அதை மாற்றுவது நல்லது.

நான் தொலைபேசித் துறையில் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். ஹாலிலிருந்து அவள் அறைக்குப் போகும் கேபிளை நான்தான் இழுத்தேன். செருப்பு அலமாரிக்குப் பின்னால், சுவரில், சின்னதாக ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் எட்டுக் கம்பிகள், ஒவ்வொன்றும் அதனதன் பள்ளத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்கும். ஒன்றை முழுதாக எடுத்துவிட்டால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பாதி தூக்கி விட்டால் லைன் சாகாது, இழுத்துக்கொண்டு கிடக்கும். செத்த லைனுக்கு ஆள் வருவான். இழுக்கும் லைனுக்கு மனிதர்கள் தங்களைத்தான் நொந்துகொள்வார்கள். இதை நான் வேலையில் இருந்தபோதே கவனித்திருக்கிறேன்.

தலைமை அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்தது உங்களுக்குத் தெரியும். அது வேறு ஊர். சேதி வந்த அன்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேருமே போயிடலாம்பா. இங்க உங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா ஊர் மாத்தம்? நீ போய்ட்டு வா," என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். அவள் பெரியவளாகிவிட்டாள், தடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. தடுக்கவும் இல்லை. அந்தப் பதவிக்குப் புகார் ஏதும் இருக்கக் கூடாது என்று அவளே சொல்லியிருந்தாள். சில சின்னப் புகார்கள் வந்தால் போதும். வேலை போகாது. பெயர் மட்டும் பட்டியலிலிருந்து இறங்கும்.

ஆகவே அவள் சோதனையை ஓட்டி, "தேறிடுச்சுப்பா," என்று குரல் கொடுத்த பிறகு, நான் அலமாரியை நகர்த்துவேன்.

அதன் பின் நானும் அவளும் சேர்ந்து பழுது தேடுவோம். ஒழுங்காகத்தான் தேடினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டோம். ரவுட்டரில் கேபிளைத் துளை மாற்றிச் செருகினோம். புதுக் கேபிள் வாங்கினோம். கம்ப்யூட்டரில் தானாக இறங்கிக்கொண்டிருந்ததையெல்லாம் நிறுத்தினோம். அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து டார்ச் அடிப்பாள்.

"நீங்க பாத்த ரிப்பேர் எல்லாம் இந்த லட்சணம்தானா? ஊர்ல பாதிப்பேர் ஊமையா இருந்திருப்பாங்களேப்பா," என்பாள்.

"மீதிப்பேர் செவிடு. யாரும் புகார் குடுக்கல," என்பேன்.

சிரிப்பாள். பள்ளிக்கூடம் முடித்த பிறகு அவள் என்னோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை.

இன்ஜினியரைக் கூப்பிட்டால் எப்போது வருவார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கம்பியை அழுத்தி வைத்துவிடுவேன். அவர் சோதித்துவிட்டுத் தலையைச் சொறிவார். "சார், லைன் குதிரை மாதிரி ஓடுது. மேடத்தப் பாத்ததும் ஏன்தான் முரண்டு புடிக்குதோ." அவர் போன பிறகு அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்ப்பாள். ஒரு நாள், "எனக்குத்தான் காது கேக்கலையாப்பா?" என்று கேட்டாள். காது டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன்.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன்.

அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் அலமாரிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். எதிர்முனைக் குரல் எனக்குக் கேட்காது, இவள் குரல் மட்டும்தான். "தெருப் பேரு வந்துடுச்சும்மா, வீட்டு நம்பர் சொல்லுங்க." பிறகு, "கேக்கலம்மா, நம்பர மட்டும் திரும்பச் சொல்லுங்க." பிறகு, "வச்சிடாதீங்கம்மா, அவர் மூச்சு விடறாரா பாருங்க." அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. அது எவ்வளவு நீளமான தெரு என்று உங்கள் விசாரணையில்தான் தெரிந்துகொண்டேன்.

என் கட்டைவிரல் அந்தக் கம்பியின் மேல்தான் இருந்தது. அழுத்தினால் லைன் பிடித்துக்கொள்ளும். நகத்தால் அழுத்தினாலே போதும்.

பதறிப்போய் அழுத்த மறந்தேன் என்று எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். அது பொய்யாகிவிடும். நான் பதறவில்லை. சின்னப் புகார்கள் பல வந்தும் உங்கள் அலுவலகம் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அவ்வளவு நல்ல வேலைக்காரி. இந்த ஒரு அழைப்பு அதைச் செய்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. விரலை எடுத்துக்கொண்டேன். அழைப்பு அறுந்தது. அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டு, வரிசையில் காத்திருந்து, வேறொருவரிடம் நம்பர் சொல்வதற்குள் வண்டி அந்தத் தெருவில் மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்ததாக நீங்கள் படித்துக் காட்டினீர்கள்.

நான் கம்பியை அழுத்தி, பெட்டியை மூடி, அலமாரியைத் தள்ளிவிட்டு, அவளுக்கு டீ போட்டேன். அவள் குடிக்கவில்லை.

விசாரணையில் இன்ஜினியர் லைன் நன்றாக இருந்தது என்றார். உண்மைதான். அன்றைய வேகச் சோதனை தேறியதாக உங்கள் பதிவும் சொன்னது. அதுவும் உண்மைதான். ஆகவே கவனக்குறைவு என்று தீர்ப்பு எழுதினீர்கள்; வேறு என்ன எழுத முடியும். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. எழுந்தபோது அந்தப் பெண் என் மகளிடம், "நம்பர நாலு தரம் கத்துனேனேம்மா. உனக்குக் காதில்லையா?" என்றார். என் மகள், "இல்லம்மா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அங்கேயே எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்று எனக்கு இருந்தது. ஆனால் பேச எனக்கு அனுமதி இல்லை.

அவள் மேல் தவறில்லை என்பதை இதன் மூலம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒரு தகப்பன் வேறென்ன செய்ய முடியும். மேல்முறையீட்டுக்கான கெடு நேற்று மாலையோடு முடிந்துவிட்டது என்று உங்கள் உத்தரவில் பார்த்தேன். அதனால் இன்று எழுதுகிறேன். அவசரத்தில் எழுதியது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இப்போது அவள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். "யாருக்குப்பா லெட்டர்?"

"பென்ஷன் விஷயம்மா."

"குடுங்க, நான் போட்டுட்டு வரேன்."

"வெயில்ல நீ எதுக்கு அலையணும்? போய் சாப்பிடு."

அவள் இப்போதெல்லாம் எதிர்த்துப் பேசுவதில்லை. தட்டு எடுக்கும் சத்தம் கேட்கிறது. உறையும் பசையும் எடுத்து வைத்திருக்கிறேன். தெருமுனைப் பெட்டியில் என் கையாலேயே போடுகிறேன். நீங்கள் பதில் எழுதுவதானால் வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம். அவள் கையில் கிடைத்துவிட்டால் என்னை விட்டுப் போய்விடுவாள். தனியாக இருந்து அவளுக்குப் பழக்கமில்லை.