கதவுக்கு அடியில் ஆறு மாத்திரை

— கதவுக்கு அடியில என்னடி தள்ளுறே, குண்டூசி?

— மாத்திரை. ஆறு இருக்கு. சீக்கிரம் முழுங்கிடும்மா. அப்பா மாடியில துணி காயப்போடுறார், வந்துடுவார்.

— எந்த மாத்திரை?

— என் தொண்டை மாத்திரைதான். ரெண்டு நாள் போட்டதுலயே வலி போயிடுச்சு. மிச்சத்தை உனக்குச் சேர்த்து வெச்சேன். உன் கிருமி செத்துட்டா நீ கதவைத் திறந்துடலாம்ல.

— காலையிலயும் சாயங்காலமும் அப்பாதானே கையில குடுக்கிறார்? முழுங்கிட்டேன்னு சொன்னாரே.

— கன்னத்துல ஒதுக்கிப்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் எடுத்துக் கழுவி, ஜன்னல்ல காய வெச்சிடுவேன். லேசாக் கரைஞ்சிருக்கு. பரவாயில்லைதானே?

— அடிப்பாவி, ஆறு வேளையுமா!

— அம்மா? எடுத்துட்டியா?

— இல்லை. தொடலை. ஸ்கேலால திருப்பித் தள்ளுறேன் பாரு.

— ஏம்மா! என் எச்சில்னா அருவருப்பா? நான் கடிச்ச மிட்டாயைப் பிடுங்கித் தின்னவதானே நீ!

— தின்னவதான். இப்போ முடியாது. ஏன்னு முறையாச் சொல்றேன், கேப்பியா? நடுவுல குத்தக் கூடாது.

— குண்டூசின்னு பேரு வெச்சுட்டுக் குத்தாதேன்னா எப்படி? சரி, சொல்லு.

— தண்ணி ஆபீஸ்ல எனக்கு என்ன வேலை?

— தட்டுல புள்ளி எண்ணுற வேலை. சம்பளம் குடுத்துப் புள்ளி எண்ண வைக்கிறாங்க.

— அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு பாக்டீரியாக் கூட்டம். ஒத்தை ஆளா இருந்தா கண்ணுக்குத் தெரியாது. தட்டுல ஜெல்லி மாதிரி ஒண்ணை உறைய வெச்சு, தண்ணியைச் சொட்டு விட்டு, கதகதப்பா ஒரு நாள் வெச்சா, ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, மறுநாள் புள்ளியா நிக்கும். பாக்டீரியா தனிக்குடித்தனக்காரன். சட்டி, அடுப்பு எல்லாம் அவனுக்குச் சொந்தமா இருக்கு. இடமும் தீனியும் கிடைச்சாப் போதும்.

— எல்லாரும் கெட்டவங்களா?

— சேச்சே. உன் வயித்துல கோடிக்கணக்குல குடியிருக்காங்க, உனக்குச் செரிக்கிறதுக்கு ஒத்தாசை பண்ணிக்கிட்டு.

— வாடகை குடுக்குறாங்கன்னு சொல்லு. அப்போ வைரஸ்?

— அவன் வெறுங்கையோட வர்ற ஆளு. சட்டியும் கிடையாது, அடுப்பும் கிடையாது. கையில ஒரே ஒரு சீட்டு. என்னை மாதிரி ஆயிரம் பேரைச் செய்யிறது எப்படின்னு அதுல எழுதியிருக்கும். நம்ம செல்லுக்குள்ள புகுந்து, நம்ம அடுப்புல, நம்ம சாமானை வெச்சே செஞ்சுக்குவான். என் தட்டுல அவன் முளைக்கவே மாட்டான்.

— திருட்டுப் பய!

— இப்போ யோசி. உன் தொண்டைக்கு வந்தவன் சட்டிக்காரன். உன் மாத்திரை அவன் சட்டியை உடைக்கும். வைரஸ்கிட்ட எதை உடைக்கும்?

— சட்டியே இல்லையே... அப்போ அவனை யாரு அடிப்பா?

— நம்ம ரத்தத்துல காவல்காரங்க இருக்காங்க, வெள்ளைச் செல்லுன்னு. ஒரு தடவை மூஞ்சியைப் பார்த்து வெச்சுக்கிட்டா, அடுத்த தடவை வாசல்லயே மடக்கிடுவாங்க. அந்த மூஞ்சியை முன்கூட்டியே காட்டுறதுக்குத்தான் தடுப்பூசி.

— அன்னைக்கு நான் நர்ஸைக் கடிச்சேனே, அதுவா?

— அதேதான். அவங்க இன்னும் உன்னை விசாரிக்கிறாங்க.

— புரிஞ்சுடுச்சு. உனக்கு வந்தது வைரஸ். அதான் என் மாத்திரை வேணாங்கறே.

— வைரஸும் இல்லைடி.

— பொய்யி. அது இல்லைன்னா இது, இது இல்லைன்னா அது. வேற என்ன இருக்கு?

— வெளியில இருந்து யாருமே வரலை. என்னோட சொந்தச் செல்லுதான், நில்லுன்னா நிக்காமப் பெருகிக் கட்டியாயிடுச்சு. அது யாருக்கும் ஒட்டாது. கட்டிப்பிடிச்சுத் தூங்கினாக்கூட ஒட்டாது.

— ஒட்டாதா? உள்ளே போனா அம்மாவோட நோய் உனக்கும் வந்துடும்னு அப்பா சொன்னாரே! தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாரே!

— நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.

— நீயா? அஞ்சு நாளா நான் வெளியில கெடக்கேன்மா. எதுக்குப் பொய் சொன்னே?

— நிஜத்தை நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்.

— இதை மட்டும் தாங்குறேனா? சொல்லு.

— சொல்றேன். ஆஸ்பத்திரியில எனக்கு ஏத்துன மருந்து கட்டியை அடிக்குது. அந்த அடியில என் காவல்காரங்களும் விழுந்துட்டாங்க. புதுசா வந்து சேர இன்னும் ஒரு வாரம் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் காவல் இல்லாத வீடு நான். எவன் வந்தாலும் உசிருக்கே ஆபத்து.

— என் தொண்டையில இருக்கிறவன் வந்தாக்கூடவா?

— அவன் வந்தாலும்தான்.

— அப்போ கதவு எனக்காகச் சாத்தலை.

— இல்லை.

— உனக்காக. என்கிட்ட இருந்து.

— உன்கிட்ட இருந்து இல்லை. உன் தொண்டையில குடியிருக்கிறவன்கிட்ட இருந்து. நீ வேற, அவன் வேற.

— அவனை மூணு நாளா உசிரோட வெச்சிருக்கிறது நான்தானேம்மா.

— உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? நான் சொன்ன பொய்யாலதான் இந்த வினை. வலி போயிட்டா எல்லாரும் செத்துட்டாங்கன்னு அர்த்தமில்லை. பாதியில விட்டா, தப்பிச்சவன் திரும்பவும் பெருகுவான். பத்து நாளைக்குன்னு குடுத்தா பத்து நாளும் போடணும். அப்பா கீழே வந்ததும் நடந்ததைச் சொல்லு, டாக்டருக்குப் போன் பண்ணட்டும். அந்தக் கரைஞ்சதை வாயில வெச்சுடாதே.

— திட்டுவாரே.

— முதல்ல திட்டுவார். அப்புறம் என்கிட்ட வந்து, உன்னாலதான்னு என்னையும் திட்டுவார். ரெண்டு பேரும் வாங்கிக்குவோம்.

— அம்மா.

— ம்.

— இப்போ நீ எங்கே இருந்து பேசுறே?

— கதவுலதான் சாஞ்சு உட்கார்ந்திருக்கேன். இங்கேன்னா உன் குரல் கிட்டக்கக் கேக்குது.

— எழுந்து ஜன்னல் பக்கம் போ. எனக்கு இருமல் வருது.