வெள்ளிக்கிழமைத் திகதி

— கிட்டப் போகாதையுங்கோ அக்கா, ஓடு இன்னும் விழுந்துகொண்டிருக்கு.

— விழட்டும் ஜெயசுதன். அது கனடாவிலை இருக்கிற வீட்டுச் சொந்தக்காரன்ரை ஓடு. என்ரை மூண்டு தையல் மெசினும் கரியாக் கிடக்கு, நான் ஓட்டுக்கு ஏன் பயப்பிட?

— வீட்டுக்காரர் போன் எடுத்தவரோ?

— விடியவே எடுத்தவர். "ஒண்டுக்கும் யோசியாதையும் கஜந்தினி, வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு" எண்டார். எனக்குச் சந்தோசத்திலை அழுகையே வந்திட்டுது. பேந்து கேட்டா அது சுவருக்கும் கூரைக்குமாம். உள்ளுக்கை எரிஞ்ச என்ரை சாமானுக்கு ஒரு சதமும் இல்லையாம். வயர் பழசு, சீலிங்குக்கை பத்தினது எண்டு தீயணைப்புக்காரர் சொன்னவை. அதுக்கும் அவர் "ஓமோ" எண்டிட்டு வைச்சிட்டார்.

— அதைத்தானே அக்கா அண்டைக்கு நான் தலைப்பாடா அடிச்சுச் சொன்னனான். வீட்டுக்காரன்ரை இன்சூரன்ஸ் வீட்டுக்கு மட்டும்தான். குடியிருக்கிற ஆக்கள் தங்கடை சாமானுக்குத் தாங்கள்தான் எடுக்கவேணும்.

— ஓம், நான்தான் பகிடி பண்ணினனான். "வாடகைக்கு இருக்கிறவளுக்கு என்ன இன்சூரன்ஸ், சட்டி பானைக்கோ?" எண்டு. நல்ல காலம் கடைசியிலை உம்மடை சொல்லைக் கேட்டு, உம்மட்டையே இன்சூரன்ஸ் எழுதினன். மெசினும் எழுதினனாங்கள், தைக்கத் தந்த சனத்தின்ரை சேலையளும் எழுதினனாங்கள்தானே?

— எழுதினனாங்கள்.

— நாகேஸ்வரி அன்ரி வந்துகொண்டிருக்கிறாவாம். அவவின்ரை மகள் ஆரணிக்கு வாற வியாழன் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் எடுத்த கூறைச் சேலை, அதுக்குச் சட்டை தைக்க என்னட்டை வந்தது. அலுமாரியோடை எரிஞ்சுபோட்டுது ஜெயசுதன். கூறை எரிஞ்ச கதை சம்பந்தி வீட்டுக்குப் போனா என்ன கதைப்பினம், சொல்லும்? அபசகுனம் எண்டு கலியாணத்தையே நிப்பாட்டுவினம். இண்டைக்கே ரவுணுக்குப் போய் அதேமாதிரி ஒண்டு பாக்கவேணும். இன்சூரன்ஸ் இருக்கெண்டு சொன்னா கடைக்காரர் நம்பித் தருவார்.

— அக்கா, அதை ஒருத்தரிட்டையும் இப்ப சொல்லாதையுங்கோ.

— எதை?

— இன்சூரன்ஸ் இருக்கெண்டதை.

— ஏன்? ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு? ஜெயசுதன், நான் நிரப்பித் தந்த இன்சூரன்ஸ் போமை ஒஃபீசிலை குடுத்தனீர்தானே?

— திங்கள் பின்னேரம் தந்தனீங்கள். செவ்வாய் அட்டமி, புதன் நவமி, அந்த நாளிலை குடுத்தாக் காரியம் விளங்காது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?

— சொன்னனான். வியாழன் குடும் எண்டும் சொன்னனான்.

— வியாழன் மயிலிட்டியிலை மாமான்ரை மகன்ரை கலியாணம். வெள்ளி மழை அக்கா, மோட்டச்சைக்கிள் ஸ்ராட் வரேல்லை. சரி, திங்கள் குடுப்பம் எண்டிருக்க நேற்று இது நடந்துபோச்சு.

— அப்ப போம்?

— இந்தப் பைக்குள்ளைதான் கிடக்கு.

— ஐயோ! நான் தந்த காசு?

— அதுவும் கிடக்கு. கத்தாதையுங்கோ, சனம் பாக்குது.

— பாக்கட்டும்! நேற்று நெருப்புக்கு முன்னாலை நிண்டு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை, தெரியுமோ? பக்கத்து வீட்டுச் சனம் தலையிலை அடிச்சு அழுதுது. நான் அவைக்கு ஆறுதல் சொன்னனான், "போகட்டும், எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன்" எண்டு. விசரி! நான் ஒரு விசரி!

— நான் ஒரு வழியோடைதான் வந்தனான். இது புதுப் போம். கையெழுத்து வைச்சு, வெள்ளிக்கிழமைத் திகதி போடுங்கோ.

— இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை.

— தெரியும். வெள்ளி பின்னேரம் ஒஃபீஸ் பூட்டினாப்பிறகு என்னட்டைத் தந்தனீங்கள் எண்டு சொல்லுவம், நான் நாளைக்கு விடியக் குடுக்கிறன். நெருப்பு வரமுதலே காசு தந்திட்டியள் எண்டு மனேச்சரோடை நான் கதைப்பன்.

— அதுக்கு ஏன் பொய்? திங்கள் தந்ததும் நெருப்புக்கு முதல்தானே? உள்ள போமை உள்ளபடி குடும்.

— திங்கள் வாங்கினதை ஏன் ஒரு கிழமை வைச்சிருந்தனீ எண்டு என்னை நிப்பாட்டிப்போடுவினம். என்னை நிப்பாட்டினா உங்களுக்காக உள்ளுக்கை கதைக்க ஆர் இருக்கினம்?

— பழைய போம்?

— கிழிச்செறிவம்.

— நாளைக்கு விசாரிக்க வந்தா நான்தானே பொய் சொல்லவேணும். பிடிபட்டா நான் பொலிஸ் படியெல்லாம் ஏற ஏலாது தம்பி. தனிய ரெண்டு பிள்ளையளோடை கிடக்கிறன்.

— ஆர் அக்கா பிடிக்கிறது? உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அதோடை, குறை நினைக்காதையுங்கோ, பிழை என்னிலை மட்டுமில்லை. அட்டமி நவமி பாராமல் செவ்வாயே குடுத்திருந்தா இண்டைக்கு இந்தக் கதையே இல்லை.

— ஓம். என்ரை வாய்தான். நான் நாள் பாத்தன், நெருப்பு நாள் பாக்கேல்லை. என்ரை பிள்ளையளின்ரை சோத்திலை நானே மண் போட்டிட்டன்.

— அழாதையுங்கோ. ஒரு கையெழுத்துத்தானே.

— பேனையைத் தாரும்.

— இதிலை, கீழை. திகதியையும் உங்கடை கையாலை போடுங்கோ.

— பொறும், படலையடியிலை ஆரோ வருகினம்.

— கெதியா வையுங்கோ அக்கா!

— நாகேஸ்வரி அன்ரி! வாங்கோ. உங்கடை முகத்தை நான் என்னெண்டு பாப்பன்!

— என்ரை பிள்ளை, உனக்கும் பிள்ளையளுக்கும் ஒண்டுமில்லைத்தானே? அது போதும். கூறை என்னமாதிரி? ஆரணி விடியவிடிய அழுதுகொண்டு கிடக்கிறாள்.

— போட்டுது அன்ரி. அலுமாரியோடை சாம்பல்.

— முருகா! சம்பந்தி வீட்டுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

— வியாழனுக்கு முதல் நான் புதுசு எடுத்துத் தருவன். பிள்ளையளாணைத் தருவன். இன்சூரன்ஸுக்கு எழுதினனான். உதிலை நிக்கிறார், இவர்தான் செய்து தாறார்.

— ஆர்? ஜெயசுதன் தம்பியோ!

— ஓம் அன்ரி. நான் வெளிக்கிடுறன், கொஞ்சம் அவசரம். அக்கா, அந்தப் போமைத் தாங்கோ.

— நில்லும் தம்பி, ஏன் பறக்கிறீர்? உமக்கு எத்தினை தரம் போன் அடிச்சனான், தூக்கிறீரே இல்லை. ஆமி பிடிச்ச எங்கடை காணி இன்னும் விடுபடேல்லை, நாங்களும் வாடகை வீட்டிலைதான் கிடக்கிறம். இதைக் கேள்விப்பட்டதிலை இருந்து எனக்கு நெஞ்சு பதைக்குது.

— நீங்களும் இவரிட்டை எழுதினனீங்களோ அன்ரி?

— நான் மட்டுமோ? எங்கடை ஒழுங்கையிலை வாடகைக்கு இருக்கிற அஞ்சு குடும்பமும். கையெழுத்து வைச்சு, காசும் எண்ணிக் குடுத்தது. பொலிசித் துண்டு இன்னும் ஒருத்தருக்கும் வரேல்லை.

— அன்ரி, பேந்து ஆறுதலாக் கதைப்பம். அக்கா, போமைத் தாங்கோ!

— தரமாட்டன். கையை எடும். அன்ரி, நீங்கள் எப்ப குடுத்தனீங்கள்? இந்தக் கிழமையோ?

— என்ன பிள்ளை கதைக்கிறாய்? தீபாவளிக்கு முதல் குடுத்தது. இப்ப தைப்பொங்கலும் போச்சு.

— அன்ரி, அந்தப் படலையைச் சாத்திப்போட்டு அதிலையே நில்லுங்கோ. ஜெயசுதன், உந்தப் பைக்குள்ளை இன்னும் எத்தினை வீடு கிடக்கு?