சாட்சிகளை வீட்டுக்கு அனுப்பிய அம்மையீர், வாழி!

அன்பின் அணிகலமே! அஞ்சி வந்தோர்க்கு ஆறுதலே! மோர்னிங்சைட் பெற்றோர் துணை நிலையத்தின் மூத்த ஆலோசகராய் முத்திரை பதித்து இன்று ஓய்வு பெறும் திருமதி குணவதி சண்முகநாதன் அவர்களே! எங்கள் குணவதி அன்ரியே!

குடியிலும் போதைக் குளிசையிலும் சிக்கிய பெற்றோரைத் தண்டிக்குமுன் திருத்திப் பார்க்கலாம் என்று குடும்ப நீதிமன்றம் செவ்வாய்தோறும் தனி அமர்வு வைத்தபோது, நம்மவர்க்குத் துணையாய்ச் சென்றவர் நீங்கள். ஒப்புக்கொண்டவருக்குச் சிகிச்சை, தேறியவருக்குப் பிள்ளைகள் என்பதே அங்கு முறை. நம்மவருக்கோ ஒப்புக்கொள்வதுதான் பெரும் பாடு! மானம் காக்க ஒரு வான் வண்டி நிறைய உறவினர் வந்து, "அவர் குடியைத் தொட்டும் பாக்கிறேல்லை" என்று சத்தியம் செய்யக் காத்திருப்பார்கள். நீங்களோ நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே மறித்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். அதற்காக நீங்கள் வாங்கிய ஏச்சும் கொஞ்சமல்ல. ஒரு கோயில் தலைவர் இன்னும் உங்களோடு பேசுவதில்லை.

மனைவியை இழந்து குடியில் விழுந்த செல்வரட்ணத்தின் மகள்மார் இருவரும் நீதிமன்ற ஆணைப்படி பிறம்ரன் நகரில் வேற்றார் வீட்டில் வளர்ந்த காலம் அது. சாட்சி சொல்ல அவர் தமையனார் இராஜரட்ணம் கோட்டும் சூட்டுமாய் வந்து நின்றார். "நீங்கள் தம்பியின்ர மானத்தைக் காப்பாத்துங்கோ. பிள்ளையள் அங்கயே இருக்கட்டும், என்ன?" என்று கேட்டீர்கள். அவர் திரும்பிப் போனார். நீதிபதி முன் தனியே எழுந்த செல்வரட்ணம், "குடிக்கிறன் ஐயா. விடத் தெரியேல்லை" என்றார். நீதிபதி அவரைச் சிகிச்சைக்கு அனுப்பினார். மறுவருடம் பிள்ளைகள் வீடு வந்தனர். அவரே இன்று எங்கள் வான் சாரதி.

கண்டிப்பும் கனிவும் கலந்தவரே! தடிமன், காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு கேட்க எங்களுக்கே உங்களிடம் பயம். இனி அந்தப் பயமில்லை என்பதில் ஒருவருக்கும் மகிழ்ச்சியில்லை. நாளைக் காலை உங்கள் கதிரை வெறுமையாய்க் கிடப்பதைப் பார்க்கக் கவலையாய்த்தான் இருக்கும். நோய் நொடி அணுகாமல், பேரப்பிள்ளைகள் புடைசூழ, செவ்வாய்க்கிழமைகளிலாவது நன்றாய் நித்திரை கொண்டு நெடுங்காலம் வாழ்வீராக!

மடலை இத்துடன் முடிக்க இருந்தோம். தாம் சொல்வதையும் எழுதினால்தான் கையெழுத்து வைப்பேன் என்று செல்வரட்ணம் பிடிவாதமாய் நின்றுவிட்டார். அவர் சொன்னபடியே வாசிக்கிறோம்:

"அன்ரி, இந்தச் சித்திரை லீவில ஒருநாள் திரும்பக் குடிச்சிட்டன். ஒருத்தரும் காணேல்லை. அடுத்த செவ்வாய் நானே போய் நீதிபதிக்குச் சொன்னன். பிள்ளையள் என்னோடதான் இருக்கினம்."

என்றும் உங்கள் அன்பில்,
நிலைய ஊழியர்கள்
ரொறன்ரோ, ஆனி 1998