இரண்டு பேருக்குப் போதுமான இருப்பு

பிஸ்கட் டப்பாவை எறும்பிடமிருந்து காப்பாற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை, சார். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் டப்பாவை வைத்தால் போதும். தண்ணீரை மட்டும் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துப்போன சாமான்களை நிவாரண முகாமில் வெறும் தரையில் குவித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வயிறு எரிகிறது. பழையதை முதலில் பிரிக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டுப் புதியதில் கை வைத்தால் பழையது அடியில் கிடந்து வீணாகிவிடும். எனக்கு இனி அது ஆகப்போவதில்லை, இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

வாக்குமூலம் கேட்டால் இவன் வீட்டுக் குறிப்பு சொல்கிறானே என்று பார்க்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான் சார், விஷயத்துக்கு வருகிறேன்.

ஊருக்கு மேலே இருக்கும் ஏரியில் நான் மதகு இயக்குபவன். இன்ஜினியர் போனில் சொல்வார், நான் பொத்தானை அமுக்குவேன், மோட்டார் ஓடும், ஷட்டர் ஏறும். வருஷத்தில் பாதி நாள் ஏரியில் மாடு குளிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. அந்த நாட்களில் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். யோசித்ததுதான் வினை என்று என் மனைவி சொல்வாள்.

ஆரம்பம் ஒரு லாரி வேலைநிறுத்தம். கடைகள் காலியாகிவிட்டன. நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆள் கடைசி பால்பவுடர் டின்னை வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "தீர்ந்துபோச்சுங்க" என்றார். வருத்தப்பட்டுச் சொல்லியிருந்தால் நான் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. இல்லை என்று சொல்வதில் மனிதனுக்கு இவ்வளவு சுகமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தச் சுகம் ஒருநாள் நமக்கும் கிடைக்கட்டுமே என்று தோன்றியது.

எங்கள் தெருவில் மாடி உள்ள வீடு எங்களுடையது மட்டும்தான். மாடியில் ஒற்றை அறை. வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு, அதன் உச்சியில் இரும்புக் கதவு போட்டேன். அரிசி, பருப்பு, டின் மீன், பால்பவுடர், பிஸ்கட், மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன். எல்லாம் இரண்டு பேருக்கு. எங்களுக்குக் குழந்தை இல்லை. அது ஒருவகையில் வசதி என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று இரவு அவள் பாயை எடுத்துக்கொண்டு சமையலறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தெருவில் எனக்கு 'குடோன்' என்று பெயர் வைத்தார்கள். "குடோன் போறாரு பாரு" என்று என் காதுபடவே பேசுவார்கள். என் மச்சினன் விருந்துக்கு வந்தவன், எல்லோர் முன்னாலும், "மாமா, உலகம் அழியறப்போ எனக்கும் ரெண்டு பாக்கெட் எடுத்து வைங்க" என்றான். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனுக்கு ஒரு பாக்கெட்டும் கிடையாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சாமான் வாங்கினால் ஒரு ஒழுங்கு வேண்டும். புதியது வந்தால் பின்வரிசைக்குப் போகும். பழையது முன்வரிசைக்கு வந்து, கெட்டுப்போகும் தறுவாயில் சமையலறைக்கு இறங்கும். ஆகவே நாங்கள் வருஷக்கணக்கில் வண்டு பிடித்த பருப்பும் நமுத்துப்போன பிஸ்கட்டும்தான் சாப்பிட்டோம். "நல்லதா ஒண்ணை எப்பங்க சாப்பிடறது?" என்று அவள் கேட்பாள். "பழசாகட்டும்" என்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் நகைச்சுவைக்காகச் சொன்னதில்லை, ஆனால் அவள் சிரித்தால் எனக்குப் பிடிக்கும்.

அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குரல் மாற்றிப் பேசுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒத்திகை யோசனையே அவளுடையதுதான். "சாமான் சேர்த்தா மட்டும் போதுமா? நாலு பேர் வந்து கதவைத் தட்டி அழுதா நீங்க திறந்துடுவீங்க. உங்களுக்கு இளகின மனசு" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை. நான் உள்ளே தாழ் போட்டுக்கொள்வேன். அவள் படியில் நின்று ஒவ்வொருவராக வருவாள். என் அக்காவாக வந்து, "தம்பி, பசிக்குதுடா" என்பாள். இன்ஜினியராக வந்து அதட்டுவாள். அவளாகவே வந்து, "நான்தாங்க, திறங்க" என்று கெஞ்சுவாள். நான் திறக்கக் கூடாது. அவள் முயன்று களைத்துப்போனதும், "சரி, ஜெயிச்சிட்டீங்க" என்பாள். அதுதான் ஆட்டம் முடிந்ததற்கு அடையாளம். அப்போது திறப்பேன்.

முதல் தடவை என் அக்கா குரலைக் கேட்டதுமே திறந்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் என்னைக் கேலி செய்தே கொன்றாள். பிறகு தேறிவிட்டேன். கடைசி இரண்டு வருஷத்தில் நான் தோற்றதே இல்லை.

பிரச்சினை எங்கே வந்தது என்றால், பேரழிவு வரவில்லை. நாடு சரிந்துவிடும் என்றார்கள், ஏதோ ஒரு மாதிரி நிமிர்ந்துகொண்டது. தொற்றுநோய் வரும் என்றார்கள், அது நாலு பேருக்குத் தும்மலோடு போய்விட்டது. இதற்கிடையில் டின்களில் அச்சடித்த தேதி மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது. ஒரே சமயத்தில் மொத்தமாக வாங்கிய டின் மீன், அத்தனையும் இந்த மழைக்காலத்தோடு காலாவதி. நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் தின்றாலும் தீராது. தூக்கிப்போட வேண்டும். மச்சினன் வந்து பார்ப்பான். தெருவே பார்க்கும். அந்தச் சிரிப்பை நினைத்தாலே எனக்கு ஜுரம் வந்தது. என் நிலையில் நீங்கள் இருந்தாலும் யோசித்திருப்பீர்கள் சார்.

மழை வந்தது. நல்ல மழை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஏரி நிரம்பியது. மத்தியானம் இன்ஜினியர் போன் செய்து, "ரெண்டு ஷட்டரை ஒரு அடி தூக்குப்பா. தூக்கறதுக்கு முன்னாடி சங்கு ஊதிடு" என்றார். நான் எல்லா ஷட்டரையும் முழுசாகத் தூக்கினேன். பதற்றத்தில் கை தவறியதாக உங்கள் ஆள் எழுதி வைத்திருக்கிறார். அதைத் திருத்துங்கள். இத்தனை வருஷ வேலையில் என் கை ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அபாயச் சங்கையும் ஊதவில்லை. ஊதினால் தெருவே எங்கே ஓடிவரும்? மாடி வீட்டுக்குத்தான். என்னை 'குடோன்' என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் என் படிக்கட்டில் நின்று ஐயா சாமி என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பருப்பு பத்தாது.

தண்ணீருக்கு முன்னால் நான் வண்டியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளை மாடிக்கு அழைத்துப்போனேன். "என்னங்க, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே?" என்றாள். ஏரி நிலைமை சரியில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை எவ்வளவு கிண்டல் பண்ணினேன்" என்றாள். சார், என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் இருந்ததில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே எல்லாம் தகும் என்று தோன்றியது.

தெருவில் தண்ணீர் முழங்காலளவு வந்தபோது, இரண்டு வீடு தள்ளி இருக்கும் தையல்காரப் பெண் அலறினாள். அவளுடைய அம்மா படுத்த படுக்கை. தனியாகத் தூக்க முடியாது.

"போகாதே" என்றேன்.

"அந்தப் புள்ள தனியா என்னங்க பண்ணும்? இதோ வந்துடறேன். கதவைச் சாத்திக்குங்க, சாரல் அடிக்குது" என்று இறங்கினாள்.

சாத்தச் சொன்னது அவள்தான். நான் தாழும் போட்டேன்.

திரும்பி வந்தபோது மூன்று பேராக வந்தார்கள். இரண்டு பேருக்கு வைத்த இருப்பு, சார். தண்ணீர் படிக்கட்டில் பாதிவரை ஏறியிருந்தது. அரிசி மூட்டைகள் கதவை ஒட்டித்தான் இருந்தன. திறந்தால் நனையும். அவள் தட்டினாள். "நான்தாங்க, திறங்க" என்றாள். தையல்காரப் பெண், "குடோன் அண்ணா" என்றாள். அந்த நேரத்திலும் பெயரை விடவில்லை பாருங்கள். கிழவி இருமிக்கொண்டே இருந்தாள். நான் மூட்டையின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன். புதிய பாக்கெட், மொறுமொறுவென்று இருந்தது. அவளுக்கும் பாதி எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே உங்கள் படகு வந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மொத்தச் செலவு அந்த ஒரு பாக்கெட்தான், அதிலும் பாதி மிச்சம். கீழ்த்தெருக்களில் போனவர்களைப் பற்றியும், என் படியிலிருந்து வெள்ளம் அடித்துப்போன மூவரைப் பற்றியும் நீங்கள் சொன்னபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவளுக்கு எடுத்து வைத்த அந்தப் பாதியை நான் தொடவே இல்லை. நான் கல் இல்லை.

அவள் குரல் என்று தெரியவில்லையா என்று கேட்கிறீர்கள். தெரியாமல் என்ன? ஒத்திகை என்று நினைத்து ஏமாந்துவிட்டேன் என்று சொன்னால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொல்கிறார். பொய் எதற்கு? நான் ஏமாறவில்லை.

தண்ணீர் கடைசிப் படிக்கு வந்தபோது அவள் தட்டுவதை நிறுத்தினாள். கதவோடு வாயை வைத்து, கெஞ்சாமல், கோபப்படாமல், ஞாயிற்றுக்கிழமைக் குரலில், "சரிங்க, ஜெயிச்சிட்டீங்க" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். எனக்குத் தெளிவாகவே கேட்டது.

ஆனால் அந்த வார்த்தை ஒத்திகைக்கு மட்டும்தானே, சார்.