கண்ணுச்சாமிக்கு மௌனம் வேண்டாம்

இந்தச் சுதந்திர நாள் விழாவுக்குத் தலைமை தாங்கும் பண்பாளர், என் அருமை அண்ணன் காசிமாயன் அவர்களே! தலை நரைத்தும் நினைவு நரைக்காத பெரியோர்களே! போடிமெட்டு ஜீப்பில் ஏறவேண்டிய நேரத்தில், தோட்டத்துச் சோலியை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் ஏலக்காய்க் கடை ஹபீப் ரஹ்மானின் வணக்கம்.

என்ன தம்பி? “மைக்கக் கிட்ட வச்சுப் பேசுங்க பாய்” என்கிறாயா? வைத்துவிட்டேன். இன்று நான் சொல்வது கடைசி வரிசைக்கும் கேட்டாக வேண்டும்.

விடுதலைப் போரில் தூக்குமேடை ஏறியவர்களை அறிவோம். தடியடி பட்டவர்களை அறிவோம். மாற்றான் கையில் பட்ட பாடெல்லாம் மனப்பாடம் நமக்கு. சொந்தத் தெருவில் ஒருவன் பட்ட பாட்டை அறிவோமா? அறிய விரும்பினோமா?

நம் ஊர்க்காரர் கண்ணுச்சாமி. கைக்குழந்தையையும் மனைவி குருவம்மாளையும் விட்டுவிட்டு, மலேயாவுக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். அங்கே இந்திய தேசிய ராணுவம் அழைத்தது. பால் வெட்டிய கை துப்பாக்கி பிடித்தது. பர்மாக் காட்டில் பசியோடும் பிணியோடும் போரிட்டுப் பிடிபட்டார், சிறைப்பட்டார். அதற்குள் மலேயாவிலிருந்து தப்பி வந்த ஒருவர், “குண்டு விழுந்து கண்ணுச்சாமி செத்துப்போனாப்ல” என்று இங்கே சொல்லிவிட்டார். வீடு அழுதது. கருமாதி செய்தது. குருவம்மாளின் தாலியை இறக்கியது.

போர் முடிந்தது. சிறைக்கதவு திறந்தது. கிழிந்த காக்கிச் சட்டையோடு கண்ணுச்சாமி தம் தெருவில் வந்து நின்றார். ஆலாத்தித் தட்டு வந்ததா? ஒரு செம்புத் தண்ணீர் வந்ததா? கூடப்பிறந்த அண்ணன் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: “கருமாதி பண்ணின உருவம் வீட்டுக்குள்ள வந்தா குடும்பத்துக்கு ஆகாதுப்பா. போயிரு.”

“நான் உசுரோடதாண்ணே வந்திருக்கேன். எம்புள்ளைய மட்டும் காட்டுங்க.”

மீதிக் கதவையும் சாத்தினார்கள்; குருவம்மாளை வெளியே வர விடவில்லை. குழந்தை சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் சிறைக்கதவைத் திறந்துவிட்டான் ஐயா! நம் தெருக்கதவு திறக்கவில்லை! அன்று குரங்கணி மலை ஏறியவர்தான். ஏலத்தோட்டத்துக் காவல் குடிசையில், மழையும் மஞ்சும் துணையாக, ஒற்றை ஆளாக வாழ்ந்தார். கீழே ஊர் ஆண்டுதோறும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை.

அந்தக் குழந்தைதான், என் கடைக்கு எதிர்வீட்டில் இருக்கும் ஆயம்மாள். அதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். வளர்ந்து, மணமாகி, காய் பறிக்க அதே தோட்டத்துக்குப் போனார். “அப்பான்னு கூப்பிட்டா ஒம்புள்ளைகளுக்கு ஆகாது” என்று வீட்டில் சத்தியம் வாங்கியிருந்தார்கள். ஒருநாள் அருகே வந்த கண்ணுச்சாமி, “கால்ல அட்டை ஏறுது, பாத்து நில்லு ஆத்தா” என்றார். தகப்பன் மகளிடம் பேசியது அவ்வளவுதான். மகள் வாய் திறக்கவில்லை. குனிந்து அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் காயைப் பறித்தார்.

பிறகு கண்ணுச்சாமி உண்மையிலேயே இறந்தார். “அதான் அன்னைக்கே கருமாதி பண்ணியாச்சே” என்று சொந்தம் மலையேறவில்லை. தோட்டத்து ஆட்கள் நாலு பேர் தூக்கிப் புதைத்தார்கள்.

ஏன் இதை இன்று சொல்கிறேன்? இந்த மைதானத்தில் மௌன அஞ்சலி என்றதும் ஆயம்மாள் எழுந்து போய்விடுவார். ஆண்டுதோறும் பார்க்கிறேன். “ஏன் ஆத்தா?” என்று போன வாரம் கேட்டேன்.

“உசுரோட இருக்கையிலேயே எங்கப்பனப் பாத்து இந்த ஊரு வாய மூடிக்கிருச்சு அப்பு. நானும் மூடிக்கிட்டேன். இன்னமும் என்னத்துக்கு மூடணும்?”

என் நெஞ்சே உடைந்துபோனது, தாய்மார்களே. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். வந்தவர்கள் ஏலக்காய் விலை இறங்கிவிட்டதோ என்று விசாரித்தார்கள். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்.

தலைவர் அவர்களே! அடுத்த நிகழ்ச்சி மௌன அஞ்சலி என்று அறிவித்திருக்கிறீர்கள். மற்றத் தியாகிகளுக்கு மௌனம் மரியாதை. கண்ணுச்சாமிக்கு அது தண்டனை! இந்த ஊர் அவருக்கு ஆயுள் முழுக்கக் கொடுத்த தண்டனை! இன்றும் அதையே கொடுப்போமா? கதவைச் சாத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அன்று தெருவில் சொல்லாத சொல்லை இன்று சொல்வோம். எழுந்திருங்கள். மலையைப் பார்த்துச் சொல்லுங்கள்: “வாங்க கண்ணுச்சாமி! உள்ள வாங்க!”

போதாது! குரங்கணிக்குக் கேட்கவில்லை! இன்னொரு முறை!

“வாங்க கண்ணுச்சாமி! உள்ள வாங்க!”

பொறுங்கள். அமைதி. ஆயம்மாள் எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்ல வருகிறார். தம்பி, மைக்கைக் கொண்டுபோய்க் கொடு, வெரசாப் போ.

“அப்பா... பாத்துத்தேன் நின்னேம்ப்பா.”

என் பேச்சு இதோடு போதும். கூப்பிட்ட உங்கள் குரலுக்கு நன்றி. அந்த மலைமேல் தனியே கிடப்பவர்மீதும், நம் எல்லோர்மீதும் அமைதி நிலவட்டும். வணக்கம்.