மூக்கைப் பொத்திக் குளித்தவள்

"ஏட்டி ஆவுடை, நீ ஏன் யாரு மூஞ்சியையும் பாத்துப் பேச மாட்டேங்க?" என்று ஜெஸ்லின் அக்கா ஒருநாள் கேட்டாள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான் என்பதை மறக்கவும் இல்லை. மற்றவர்கள் கவனித்ததுகூட இல்லை.

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியில் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். என் மலையாளத்தில் தமிழ் ஒட்டிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் வகுப்பே திரும்பி என் முகத்தைப் பார்க்கும். அதன் பிறகு எனக்கு யார் பார்வையும் வேண்டியிருக்கவில்லை.

அக்கா மார்த்தாண்டத்துக்காரி. வேலை முடிந்து வந்ததும் கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றிவிடுவாள். கண்ணாடி இருந்தது, "சோடாபுட்டி, அதப் போட்டா எனக்கே என்னயப் பிடிக்காது" என்று பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள். லென்ஸ் இல்லாவிட்டால் ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாம் கலங்கல். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மெஸ்ஸுக்குப் படி இறங்குவாள். "இப்ப ஒம் மூஞ்சி எனக்கு வெறும் வெளிச்சம் மக்கா" என்பாள். அந்த நேரத்தில் அவள் கண்களுக்குள்ளேயே ஆசைதீரப் பார்ப்பேன். அந்தக் கண்கள் என்னை எதுவும் கேட்காது. யாருக்கும் தொந்தரவில்லாத சந்தோஷம் அது.

மழைக்காலத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று ஊரெல்லாம் பேச்சு. சுகாதாரப் பணிக்கு வீடுவீடாக வரும் சாவித்ரி சேச்சி விடுதிக்கும் வந்தாள். கதவைத் திறந்தது நான். எனக்காகத் தமிழ் கலந்து சொன்னாள்: "டேங்க் கழுவணும் மோளே. மூக்குல வெள்ளம், அதான் தண்ணி, கேறக் கூடாது. பின்னே, லென்ஸ் வெக்கற பிள்ளைகள் அத வெள்ளத்துல கழுவவே கூடாது, கேட்டோ. வேற ஒரு அமீபா உண்டு, அது கண்ணைத் தின்னும். எல்லாரோடும் சொல்லிரு."

சொன்னேன், மூக்கு விஷயத்தை மட்டும். அன்றுமுதல் விடுதியே மூக்கைப் பொத்திக்கொண்டு குளித்தது. அக்கா மூக்கில் துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்று சிரித்தாள். மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோனது என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சநாள் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "அடுத்த மாசம் கண்ணுக்கு லேசர் பண்ணப்போறேன். லென்ஸும் வேண்டாம், ஒந் தோளும் வேண்டாம். அப்பறம் ஒம் மூஞ்சிய எப்பவும் பாப்பேன். எங்க போயி ஒளிவ, கேட்டியா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

லென்ஸ் டப்பாவில் மருந்துநீர் ஊற்றிவைப்பது என் பொறுப்பு. லென்ஸைக் கழற்றிய பிறகு அவளுக்குப் பாட்டிலின் வாய் தெரியாது, சிந்திவிடுவாள். அந்த வாரத்திலிருந்து மருந்துநீருக்குப் பதில் தண்ணீர் ஊற்றினேன். அதே தண்ணீரில்தான் நானும் முகம் கழுவுகிறேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. குழாய் பக்கத்திலேயே இருந்தது. நான் மொட்டைமாடிக்கு ஏறி, கழுவாத டேங்கின் அடியில் வழவழப்பு படிந்த மூலையிலிருந்து மொண்டு வந்தேன். தெளியவைத்து ஊற்றினால் வித்தியாசம் தெரியாது. லேசர் நாள் தள்ளிப்போனால் போதும் என்றுதான் இருந்தேன்.

கண் சிவந்தது. பிறகு வெளிச்சம் பட்டாலே துடித்தாள். கருவிழியில் வெள்ளை வளையம் விழுந்தது. தண்ணீர் பட்டதா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். "மூக்கக்கூடப் பொத்திட்டுத்தான் சார் குளிச்சேன்" என்று அழுதாள். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டது நான்தான். ஒரு வேளைகூடத் தவறவில்லை. அவளைப் பெற்றவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். ஆனாலும் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நிழல் தெரிகிறது.

மறுநாள் அவளுடைய அம்மா வந்து ஊருக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. எதையும் மறைத்து அனுப்பக் கூடாது என்று, கட்டிலில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து இவ்வளவையும் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு இடத்தில்கூடத் தலை குனியாமல் சொன்னேன்.

அக்கா எழுந்தாள். கட்டில் விளிம்பைத் தடவி, சுவரைத் தடவி, கதவைக் கண்டுபிடித்து, படி இறங்கிப் போனாள். என் தோள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அது அவளுக்குத் தெரிந்திருக்காது.